துப்பாக்கியின் எடையைக் குறைக்கலாம், கேமராவின் எடையை? மயிலாப்பூர் மா. கிருஷ்ணனும் அவர் சேர்த்துக் கட்டிய ‘சூப்பர் பாண்டரோசா’வும்

வேட்டைக்குத் துப்பாக்கி தேடுபவர் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று: எடை எவ்வளவு? காரணம் சிம்பிள். சுடுவதற்கு ஒரு நொடி போதும். ஆனால், அந்த ஒரு நொடிக்காக நாள் முழுக்க அதைத் தோளில் சுமந்துகொண்டு மலையேற வேண்டும். அதனால்தான் அமெரிக்கா போன்ற நாடுகளில் குழல் ஒரு கம்பெனி, கட்டை இன்னொரு கம்பெனி என்று பாகம் பாகமாகத் தேர்வுசெய்து, எடை குறைந்த ரைஃபிளைத் தாங்களே சேர்த்துக்கொள்வது பலருக்குப் பெரிய பொழுதுபோக்காக இருக்கிறது.

இந்தியாவில் அதற்கு வழி இல்லை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பது 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம். வேட்டையை 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஏறக்குறைய முழுதாகவே மூடிவிட்டது.

ஆனால், பாகம் பார்த்துச் சேர்க்கும் இதே வேலையைச் சென்னை மயிலாப்பூரில் இருந்துகொண்டு ஒருவர் செய்தார். வெவ்வேறு கம்பெனிகளின் பாகங்களை ஒன்றாகச் சேர்த்து, அதை எடுத்துக்கொண்டு யானையையும் காட்டுமாட்டையும் தேடிக் காடு காடாக நடந்தார். அவர் சேர்த்தது துப்பாக்கி இல்லை, கேமரா. அது எடை குறைந்ததும் இல்லை. அதற்கு அவரே வைத்த செல்லப் பெயர் ‘சூப்பர் பாண்டரோசா’. பாண்டரோசா என்றால் ‘கனமானது’ என்று அர்த்தம்.

அவர் மா. கிருஷ்ணன். இந்தியாவில் இயற்கையைப் பற்றி எழுதியவர்களில் முதல் வரிசைக்காரர். இறந்து 30 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவர் யார், அந்த கேமரா ஏன் அவ்வளவு கனத்தது, அதைச் சுமந்து அவர் என்ன கொண்டுவந்தார்?

வெளிமானும் நரியும் இருந்த மயிலாப்பூர்

கிருஷ்ணன் 1912 ஜூன் 30 அன்று திருநெல்வேலியில் பிறந்தார். அப்பா அ. மாதவையா, தமிழ் நாவலின் தொடக்க கால எழுத்தாளர்களில் ஒருவர், ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதியவர். உப்பு, ஆப்காரித் துறையில் அரசு அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, குடும்பம் மயிலாப்பூரில் குடியேறியது. எட்டுப் பிள்ளைகளில் கிருஷ்ணன்தான் கடைக்குட்டி.

இன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று நாம் சொல்வது அன்றைக்கு எட்வர்ட் எலியட்ஸ் ரோடு. இப்போது அங்கே சிக்னலில் நிற்கும்போது நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால், கிருஷ்ணனின் சின்ன வயதில் அந்தப் பக்கமெல்லாம் புதர்க்காடு. பறவைகள் ஏராளம். நரி இருந்தது, வெளிமானும் இருந்தது. பதினோரு வயதில் அவர் வளர்த்த செல்லப்பிராணி ஒரு கீரி.

1925-ல் மாதவையா இறந்தார். சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய கையோடு, அங்கேயே உயிர் பிரிந்தது. அப்போது கிருஷ்ணனுக்கு வயது 13.

திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்தவர், 1927-ல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார. அங்கே அவருக்குக் கிடைத்த பெரிய வரவு, தாவரவியல் பேராசிரியர் பி. எஃப். ஃபைசன். நீலகிரி, கொடைக்கானல் மலைத் தாவரங்களைப் பற்றி முக்கியமான நூல்களை எழுதியவர் அவர். அந்த மலைகளுக்கு அவர் போகும்போது கிருஷ்ணனும் கூடவே போனார். வாட்டர்கலர் ஓவியத்தை ஃபைசனின் மனைவியிடம் கற்றுக்கொண்டார். செடியை எடுத்து, இலையைப் புரட்டி, பார்த்ததை மட்டும் வரைவது என்ற பழக்கம் இந்தக் காலத்தில்தான் வந்தது. பிற்காலத்தில் விலங்குகளைப் படமெடுத்தபோதும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை.

வேலை கிடைக்காத பட்டதாரி

அடுத்து சட்டம் படித்தார், 1936-ல் பட்டமும் வாங்கினார். ஆனால், நிலையான வேலை அமையவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதியும் படம் வரைந்தும் காலம் போனது. இன்றைய வார்த்தையில் சொன்னால், முழுநேர ஃப்ரீலான்ஸர்.

1942-ல் பெல்லாரி பக்கத்தில் இருந்த சந்தூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. அங்கே அவர் பார்க்காத வேலை இல்லை: பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர். நடுவில் ஆடு மேய்த்துப் பார்த்தார். புறாக்கள் மூலம் தபால் அனுப்ப முடியுமா என்று புறா வளர்த்தும் பார்த்தார். மீதி நேரமெல்லாம் சந்தூரைச் சுற்றியுள்ள மலைகளில் நடைதான்.

1949-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. கிருஷ்ணன் மறுபடியும் வேலை இல்லாதவர். சென்னைக்குத் திரும்பி வந்த அவர், அதன் பிறகு பேனாவையும் கேமராவையும் நம்பியே வாழ்ந்தார். 1950-ல் கல்கத்தாவின் ‘தி ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில் ‘கன்ட்ரி நோட்புக்’ என்ற பத்தியை எழுதத் தொடங்கினார். அது 46 ஆண்டுகள் ஓடியது.

சென்னையில் உட்கார்ந்துகொண்டு பத்தி எழுதிக் கிடைக்கும் வருமானம். போக வேண்டியதோ முதுமலை, பந்திப்பூர், அதைத் தாண்டியும் பல காடுகள். கையில் இருக்க வேண்டியது, தூரத்து விலங்கைக் கிட்டத்தில் காட்டும் லென்ஸ் பொருத்திய கேமரா. வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகள் இருந்த காலம் அது. இந்தச் சூழலில்தான் பாகம் சேர்க்கும் வேலை வருகிறது.

முதலில் துப்பாக்கிக் கணக்கு

கிருஷ்ணனின் கேமராவைப் புரிந்துகொள்ள, வேட்டைக்காரரின் கணக்கை ஒருமுறை பார்த்துவிடலாம். ஏனென்றால், அன்றைய காட்டில் இரண்டு பேரும் நடந்தது ஒரே பாதையில்தான்.

இந்தியாவில் மிகப் பிரபலமான எடை குறைந்த ரைஃபிள், ஜிம் கார்பெட்டின் .275 ரிக்பி. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-ல் சுட்டதற்காக, ஐக்கிய மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஜான் ஹெவெட் அவருக்குப் பரிசளித்தது. லண்டன் ரிக்பி கம்பெனி தயாரிப்பு என்றாலும், உள்ளே தோட்டாவை ஏற்றி வெடிக்கவைக்கும் இயந்திரப் பகுதி ஜெர்மனியின் மௌசர் வடிவமைப்பு. அதாவது, ஒரு நாட்டின் இயந்திரத்துக்கு இன்னொரு நாட்டின் குழலும் கட்டையும். யானை, காட்டுமாட்டுக்கு என்றே செய்த இரட்டைக்குழல் ரைஃபிள்கள் ஐந்து கிலோவைத் தொடும் காலத்தில், இந்த வகை சுமார் மூன்றரை கிலோதான். ருத்ரபிரயாக் சிறுத்தையை கார்பெட் 1926-ல் சுட்டது இதே ரைஃபிளால்.

அப்படியானால் எடையைக் குறைத்துக்கொண்டே போகலாமே? முடியாது. ஒவ்வொரு பாகத்திலும் ஒரு விலை கொடுக்க வேண்டும்.

குழலை மெலிதாக்கினால் எடை குறையும். ஆனால், நாலைந்து முறை சுட்டதும் சூடேறி, குறி லேசாக விலகத் தொடங்கும். குழலின் நீளத்தைக் குறைத்தால் தோட்டாவின் வேகம் கொஞ்சம் குறையும், சத்தம் கூடும். கட்டைக்கு வால்நட் மரத்துக்குப் பதில் இன்று கார்பன் ஃபைபர் போடுகிறார்கள். எடை குறைகிறது, விலை எகிறுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே உதை. ரைஃபிளின் எடையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால், அதே தோட்டாவுக்குத் தோளில் உதைக்கும் ஆற்றல் சுமார் ஒன்றரை மடங்காகிவிடும். லேசான ரைஃபிள் கையில் ஆடவும் செய்யும். கனமானது குறிவைத்த இடத்தில் நிற்கும்.

ஆக, எடை குறைந்த ரைஃபிள் என்பது ஒரு சமரசம். நடைக்கு வசதி, குறிக்குக் கஷ்டம்.

கேமராவில் ஏன் அந்தச் சமரசம் நடக்காது?

கார்பெட்டின் தோட்டாவின் விட்டம் சுமார் 7 மில்லிமீட்டர். நூறு மீட்டர் தாண்டிப் போய் வேலையை முடிக்க அது போதும். துப்பாக்கி ஒன்றை வெளியே அனுப்புகிறது, அவ்வளவுதான். அனுப்பும் பொருள் சின்னதாக இருக்கலாம்.

கேமராவின் வேலை நேர்மாறானது. அது அங்கிருந்து வரும் வெளிச்சத்தை வாங்கிச் சேர்க்க வேண்டும். தூரத்து விலங்கைப் பெரிதாகக் காட்ட 400 மில்லிமீட்டர் லென்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்திலும் படம் விழ வேண்டுமானால் அதன் திறப்பு எஃப் 5.6 அளவாவது வேண்டும். 400-ஐ 5.6-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 71 மில்லிமீட்டர். லென்ஸின் முன்பக்கக் கண்ணாடி அந்த அளவுக்கு அகலமாக இருந்தாக வேண்டும். தோட்டா 7 மில்லிமீட்டர், கண்ணாடி 7 சென்டிமீட்டர். கண்ணாடி கனக்கும். அதைத் தாங்கும் உலோகக் குழாயும் கனக்கும். இதில் குறுக்குவழி கிடையாது.

அடுத்த சிக்கல் நடுக்கம். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடித்து எடுத்தால், ஷட்டர் 1/400 நொடிக்குள் திறந்து மூட வேண்டும் என்பது புகைப்படக்காரர்களின் பொதுக் கணக்கு. இல்லையென்றால் படம் கலங்கிவிடும். 100 வேகமுள்ள ஃபிலிமில், உச்சி வெயிலில், எஃப் 5.6-ல் 1/800 நொடிகூடக் கிடைக்கும். பிரச்சினை இல்லை. ஆனால், மர நிழலுக்குள் நுழைந்துவிட்டால் அதே கணக்கு 1/50 நொடிக்கு இறங்கிவிடும். யானை நிற்பது அந்த நிழலில்தான்!

இங்கே கனம் கொஞ்சம் உதவிக்கு வரும். கனமான கருவி சின்னச் சின்ன நடுக்கத்துக்கு அசையாது, கனமான ரைஃபிள் குறியில் நிற்பது போல. மூச்சை அடக்குவது, விசையை வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல அழுத்துவது எல்லாம் இரண்டுக்கும் பொதுவான பாடம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. வேட்டைக்காரருக்கு விலங்கின் உடம்பில் ஒரு சின்ன இடம் தெரிந்தால் போதும். கிருஷ்ணனுக்கு முழு விலங்கும் வேண்டும். அது நிற்கும் புல், பின்னால் இருக்கும் மரம், கூட்டத்தில் அதன் இடம், காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது வரை எல்லாம் வேண்டும். எடுத்து முடித்த பிறகும் அந்த விலங்கு அங்கேயே மேய்ந்துகொண்டிருக்க வேண்டும்.

‘சூப்பர் பாண்டரோசா’ எப்படி இருந்தது?

அசாமில் தேயிலைத் தோட்ட அதிகாரியாக இருந்த இயற்கை ஆர்வலர் ஈ. பி. ஜீ, 1964-ல் வெளியான தன் இந்தியக் காட்டுயிர் நூலில் கிருஷ்ணனின் கேமராவைப் பற்றிக் கொஞ்சம் கிண்டலாகவே பதிவு செய்திருக்கிறார். உடல் பகுதி ஒரு கம்பெனியுடையது, டெலி லென்ஸ் வேறு கம்பெனியுடையது, மற்ற துணைப் பாகங்கள் இன்னும் எங்கிருந்தோ வந்தவை. எல்லாவற்றையும் கிருஷ்ணனே சாமர்த்தியமாகப் பொருத்தியிருந்தார்.

இதைக் கேட்க ஏதோ ஒட்டுவேலை போலத் தோன்றலாம். ஆனால், ஒரு கேமரா உடலில் வேறு கம்பெனி லென்ஸைப் பொருத்துவது சும்மா திருகி மாட்டும் விஷயம் இல்லை. லென்ஸின் பின்பக்கத்துக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் மிகச் சரியாக அமைய வேண்டும். மில்லிமீட்டரில் ஒரு துளி பிசகினாலும் தூரத்து விலங்கு தெளிவாக விழாது. இடுக்கில் எங்கேயும் வெளிச்சம் கசியக் கூடாது. லென்ஸின் எடை முன்பக்கம் இழுக்கும். இணைப்பு வளையாமல் தாங்க வேண்டும். இத்தனையும் சரியாக அமைந்து, காட்டுப்பாதையின் குலுங்கலையும் தாங்கினால்தான் அது கேமரா. இல்லையென்றால் வெறும் பெட்டி.

இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பெரும்பாலும் நடந்தே போனார். முதுமலையில் வனத்துறையின் வளர்ப்பு யானை மீது ஏறியும் காட்டு யானைக் கூட்டங்களை நெருங்கினார். கலர் ஃபிலிம் பரவலான பிறகும் கடைசி வரை கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார்.

கேமராவோடு காட்டுக்குள் போன முதல் ஆள் அவர் இல்லை. வடக்கே எஃப். டபிள்யூ. சாம்பியன் என்ற வன அதிகாரி, புலி மிதித்தால் தானாகப் படமெடுக்கும் கம்பிப் பொறி வைத்து 1920-களிலேயே எடுத்திருக்கிறார். கார்பெட்டும் பிற்காலத்தில் புலிகளை மூவி கேமராவில் எடுத்தார். அவர்களுக்குப் பதவியோ வசதியோ இருந்தது. கிருஷ்ணனிடம் இருந்தது பத்தி எழுதி வரும் பணம்தான். சரியான கேமரா வாங்கப் பணம் சேரட்டும், பிறகு காட்டுக்குப் போகலாம் என்று அவர் காத்திருந்தால், அந்த ஆண்டுகள் போயிருக்கும்.

அந்த ஆண்டுகள் ஏன் முக்கியம்?

சுதந்திரம் கிடைத்து அடுத்த இருபது ஆண்டுகள் இந்தியக் காடுகளுக்கு மோசமான காலம். அணைகள், தோட்டங்கள், புதுக் குடியிருப்புகள் என்று காடு சுருங்கியது. உரிமம் வாங்கி வேட்டையாடுவது சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. எந்த விலங்கு எங்கே மிச்சமிருக்கிறது என்பதற்கு நேரில் போய்ப் பார்த்து எழுதிய பதிவுகள் குறைவு. வேட்டைக்காரர்களின் புத்தகங்களில் இருந்ததோ பெரும்பாலும் சுட்ட விலங்கின் அளவுகள்.

கிருஷ்ணன் 1959 முதல் 1970 வரை, இந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை இடம் இடமாகப் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்தார். 1968-ல் கிடைத்த ஜவாஹர்லால் நேரு ஃபெலோஷிப் இந்த வேலைக்குக் கைகொடுத்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அந்த ஆய்வு 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வழியே புத்தகமானது.

அதற்குள் சட்டம் மாறியிருந்தது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம். ஆக, அந்தச் சட்டத்துக்கு முன்பு தென்னிந்தியக் காடு எப்படி இருந்தது என்று இன்று ஒருவர் தெரிந்துகொள்ள நினைத்தால், போய்ப் பார்க்க வேண்டிய முக்கியமான இடங்களில் ஒன்று கிருஷ்ணனின் குறிப்புகளும் படங்களும்.

விலங்கைப் பாதுகாப்பது என்றால் புலியை மட்டும் காப்பாற்றுவது இல்லை என்பது அவர் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். அந்த மண்ணுக்குரிய மரமும் புல்லும் இல்லாமல் அந்த மண்ணுக்குரிய விலங்கு இருக்காது. அழகுக்காகவும் வருமானத்துக்காகவும் வெளிநாட்டு மரங்களை நடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். இன்று வனத்துறையே அந்நிய மரங்களை அகற்றும் வேலையில் இறங்கியிருக்கிறது. அவர் எழுதிய காலத்தில் அதைக் கேட்க ஆள் குறைவு.

தமிழுக்கு என்ன செய்தார்?

ஆங்கிலப் பத்தியால்தான் அவர் பெயர் பரவியது. ஆனால், தமிழிலும் நிறைய எழுதினார். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து கொண்டுவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு விலங்கு, பறவைக் கட்டுரைகள் தந்தவர்களில் அவரும் ஒருவர். ‘கதிரேசன் செட்டியாரின் காதல்’ என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார்!

தமிழ்க் கட்டுரைகளைத் தேடிப் படிக்க நினைத்தால், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த ‘மழைக்காலமும் குயிலோசையும்’, பெருமாள்முருகன் பதிப்பித்த ‘பறவைகளும் வேடந்தாங்கலும்’ இரண்டும் நல்ல தொடக்கம். படங்களுக்கு 2006-ல் வந்த ‘ஐ இன் தி ஜங்கிள்’. அந்தப் படங்களைப் பார்க்கும்போது, விலங்கை மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டாமல், அது நிற்கும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். அதையும் சேர்த்துக் காட்டத்தான் அவ்வளவு கண்ணாடியைச் சுமந்தார்.

1996 பிப்ரவரி 18 அன்று, 83 வயதில், கிருஷ்ணன் சென்னையில் காலமானார். அவருடைய கடைசி ‘கன்ட்ரி நோட்புக்’ பத்தி அதே நாளில் அச்சில் வந்திருந்தது.

அவர் சின்ன வயதில் பார்த்த நரி மயிலாப்பூரில் இப்போது இல்லை. வெளிமான் மட்டும் நகரத்தின் எல்லைக்குள் இன்னும் மிச்சம் இருக்கிறது, கிண்டி தேசியப் பூங்காவின் வேலிக்குள். அடையாறிலிருந்து பஸ் ஏறினால் சில நிறுத்தங்கள்தான்.